மஞ்சள் அறையில் ஒரு கருப்பசாமி

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். நுரைப்பஞ்சுக்குள் கறுப்பாக, செங்கல் அளவில் உட்கார்ந்திருந்த கேமராவைப் பார்த்துவிட்டு, "கல்யாண போட்டோவா?" என்று கேட்டார். "இல்லை, கீறல் பார்ப்பதற்கு" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு போகலாம் என்று கைகாட்டினார்.

நான் பினாங்குக்காரி. வயது நாற்பத்தெட்டு. தொழிற்சாலைகளுக்குக் கேமரா கொண்டுபோய், அது மனிதக் கண்ணைவிட ஒழுங்காகப் பார்க்கும் என்று நிரூபித்து, விற்றுவிட்டு வருவது என் பிழைப்பு. இந்த வேலையாக வியட்நாம் போயிருக்கிறேன், தாய்லாந்து போயிருக்கிறேன். தமிழ் பேசும் ஊருக்குப் போவது இதுதான் முதல் தடவை. அதனால் கொஞ்சம் குஷியாகவே கிளம்பினேன். அந்தக் குஷி மறுநாள் காலைத் தேநீர் வரைக்கும் தாங்கியது.

தங்கியது படப்பையில். ஜன்னலைத் திறந்தால் மனை விற்பனைக்காரர்களின் விளம்பரப் பலகைகள், ஒவ்வொன்றிலும் சிரிக்கும் குடும்பம். கீழே ஒரு பேக்கரி. அங்கே காலையில் கோப்பி கேட்டேன். கடைக்காரருக்குப் புரியவில்லை. "காபியா மேடம்?" என்று திருத்தி, பாலும் சர்க்கரையும் அள்ளிப் போட்டுக் கொடுத்தார். எங்கள் ஊரில் கறுப்பாகக் குடித்துப் பழகிய நாக்கு திகைத்துப்போனது. பக்கத்தில் நின்றவரிடம் நல்ல எண்ணத்தில் "பசியாறியாச்சா?" என்று கேட்டேன். எங்களுக்கு அது காலை வணக்கம் மாதிரி. அவர் தன் பன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தொழிற்சாலை ஒரகடத்தில். பெயர் வேண்டாம். கார் முன்விளக்குக்கு மேலே வரும் தெளிவான பிளாஸ்டிக் மூடியைச் செய்கிறார்கள். அதன்மேல் கீறல் விழாமலிருக்க ஒரு பூச்சு தெளிக்கிறார்கள். அந்தப் பூச்சு சாதாரண வெளிச்சம் பட்டால் இறுகிவிடும். இறுகிய பிறகு பழுது தெரிந்தால் மூடி குப்பைக்குத்தான். இறுகுவதற்கு முன்னால் கண்டுபிடித்தால் கழுவிவிட்டு மறுபடி பூசலாம். ஆகவே, மங்கலான மஞ்சள் விளக்கு மட்டும் எரியும் ஓர் அறையில் வைத்துப் பார்க்கிறார்கள். எல்லோரும் அதை மஞ்சள் ரூம் என்கிறார்கள்.

அந்த அறையில் ஷிப்டுக்கு ஆறு பேர், இரண்டு ஷிப்டுக்குப் பன்னிரண்டு பெண்கள். வெள்ளை உடுப்பு, தொப்பி, முகக்கவசம், கையுறை. கண் மட்டும் தெரியும். மூடியைக் கையில் ஏந்தி இப்படியும் அப்படியும் சாய்ப்பார்கள். எனக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் மயிரிழைக் கீறலையும் தூசிமுனையையும் கண்டுபிடித்து ஓரமாக வைப்பார்கள். என் கண்ணுக்கு அந்த மஞ்சள் பழகவே அரைமணி நேரம் ஆனது.

என் அம்மாவும் கண் வேலைதான் செய்தாள். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நுண்ணோக்கிக்குள் குனிந்து தங்கக் கம்பி ஒட்டும் வேலை. ஐம்பது வயதில் எதிரே வருகிறவர் யாரென்று கிட்டே வந்தால்தான் தெரியும். இயந்திரம் வந்தபோது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். என் விற்பனைப் பேச்சில் எப்போதும் அம்மா வருவாள். "இந்தக் கேமரா பெண்களின் கண்ணைக் காப்பாற்றும்" என்பேன். கடிகாரத்தைச் சொல்ல மாட்டேன்.

மஞ்சள் ரூமின் சூப்பர்வைசர் குமரேசன், வாலாஜாபாத்துக்காரர். காலைத் தேநீருக்கு வெளியே வந்தபோது வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மேடம், பொண்ணுங்களாண்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்களுக்கு ஹெல்ப்புக்குத்தான் கேமரா வருதுன்னு சொல்லி வச்சிருக்கோம். தெரிஞ்சா இப்பவே வேற கம்பெனி பாத்துக்கினு பூடுவாங்க, லைன் நின்னுடும்."

"தெரிந்தால் என்றால், என்ன தெரிந்தால்?"

"இன்னா மேடம், தெரியாத மாதிரி கேக்குறீங்க? கேமரா பாஸ் ஆச்சுன்னா இந்த ரூமுக்கு ஆள் இன்னாத்துக்கு? மூடி எடுத்து வைக்க ரெண்டு பேர் போதும். பத்துப் பேரை கான்ட்ராக்டராண்ட திருப்பி அனுப்பிடுவாங்க."

வேறு ஊர்களிலும் இதுதான் நடந்திருக்கும். ஆனால் அங்கெல்லாம் பாஷை புரியாது. யாரும் என் காதுபட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அவர் வாங்கிக் கொடுத்த பஜ்ஜியை முழுசாகச் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

போட்டிக்கு இன்னொரு கேமரா ஏற்கெனவே வந்திருந்தது. வேறொரு கம்பெனிக்காரர்கள் சோதனைக்காகக் கொடுத்துவிட்டுப் போன வெள்ளி நிறக் கேமரா. இரண்டையும் ஒரே தாங்கியில், கீழே பார்க்கும்படி மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒரே மூடிகளைக் காட்ட வேண்டும். எது அதிகப் பழுதைப் பிடிக்கிறதோ அது ஜெயித்தது.

சோதனைக்குப் பழுதுள்ள மூடிகள் நாற்பது வேண்டும் என்றேன். குமரேசன் ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். "இவதான் மேடம் நம்ம ரூமுக்கே கண்ணு." அவள் பெயர் முப்பிடாதி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம், வயது இருபத்து நாலு. மதியத்துக்குள் நாற்பதைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் பழுது எங்கே என்று தாளில் படம் போட்டுக் குறித்துக் கொடுத்தாள்.

குறைந்த வெளிச்சத்தில் கேமராவுக்கு இரண்டே வழி. கண்ணை நெடுநேரம் திறந்து வைத்திருக்க வேண்டும், அல்லது கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தைச் செயற்கையாகப் பெருக்க வேண்டும். வரிசையில் மூடிகள் நகர்ந்துகொண்டே இருப்பதால் முதல் வழிக்கு நேரம் கிடையாது. இரண்டாவது வழியில் படம் முழுக்க ரவை தூவியதுபோல் புள்ளி விழும். வெள்ளிக் கேமரா அந்தப் புள்ளிகளைத் தானாகவே தேய்த்து மழமழவென்று ஆக்கிக் காட்டியது. திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் புள்ளியோடு சேர்த்து மயிரிழைக் கீறலையும் தேய்த்துவிட்டது. எங்கள் கறுப்புக் கேமரா எதையும் ஒப்பனை செய்யாது. ரவை ரவையாக அசிங்கமான படம்தான் வரும், ஆனால் அதற்குள் கீறல் கீறலாகவே இருக்கும்.

இரண்டாம் நாள் முடிவில் வெள்ளி பதினொன்றைக் கோட்டைவிட்டிருந்தது. கறுப்பு ஒன்றே ஒன்றை. அந்த ஒன்றை முப்பிடாதி திரையில் விரல் வைத்துக் காட்டினாள். "இங்கன இருக்குல்லாக்கா. சாய்ச்சுப் பாருங்க." விளக்கை அரை விரல் சாய்த்தேன். கறுப்பு அதையும் பிடித்துவிட்டது. தன் இடத்தைப் பிடிக்கப்போகும் சாமானுக்கு அவளே பாடம் சொல்லிக் கொடுத்தாள். நானும் "தேங்க்ஸ்" சொன்னேன்.

அதற்கு முன், அன்று மதியம் கேன்டீனில் எலுமிச்சைச் சோறும் தண்ணீராக ஒரு சாம்பாரும். முகக்கவசம் இல்லாத கூட்டத்தில் அவளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தட்டோடு நின்றேன். கண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அவள் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் "சாப்பிடுலா" என்றேன். எங்கள் ஊரில் எல்லாப் பேச்சுக்கும் வாலாக ஒரு லா வரும், மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும். அவள் சிரித்த சிரிப்பில் சோறு புரை ஏறிவிட்டது.

"மேடம், நீங்களும் லா போடுதிய! எங்க ஊருக்காரியளா?"

"பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது."

"அப்பம் எங்க ஊருதான். சந்தேகமே இல்ல."

இப்படி ஒரு சொல்லை வைத்து எனக்கு ஓர் ஊர் கிடைத்தது. அந்த மேசையில் இருந்த ஐந்து பெண்களும் அன்றிலிருந்து மேடத்தை விட்டுவிட்டு அக்கா என்றார்கள். கேமராக்களுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளி 'தொரை'. கறுப்பு 'கருப்பசாமி'.

"ஏன் கருப்பசாமி?"

"இருட்டுல கண்ணு தெரியும்லாக்கா அவருக்கு. களவு போனாக்கூட அவருகிட்டதான் கேப்பாவ" என்றாள் முப்பிடாதி.

அவள் அம்மா பீடி சுற்றுகிறவள். அவளும் பள்ளிக்கூடம் முடிக்கிறவரை சுற்றியிருக்கிறாள். "சோத்துல கைய வச்சா பொயல வாடைதான்க்கா வரும். எத்தன சோப்பு போட்டாலும் போவாது. இங்க வந்து ஒரு வருசம் கழிச்சுத்தான் என் கையி மணக்காம ஆச்சு. இனி அந்தப் பீடித் தட்டு என் மடியில ஏறக்கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு." சொல்லிவிட்டு விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டாள். அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை. இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஆளுக்கொரு பொட்டலம் பொரிகடலை. எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் தீபாவளிக்கு அறிவிப்புப் பலகையில் ஒரு வண்ணத்தாள் ஒட்டுவதோடு சரி. இங்கே கிரேனுக்குக்கூட விபூதி. மஞ்சள் ரூமுக்கு மட்டும் விலக்கு. உள்ளே தூசி போகக்கூடாது என்பதால் பூ, பொட்டு, சந்தனம் எதுவும் ஆகாது. கதவுக்கு வெளியே ஒரு மாலை தொங்கவிட்டதோடு முடித்தார்கள்.

"எல்லாத்துக்கும் வச்சாச்சு, கருப்பசாமிக்கு மட்டும் இல்ல பாத்தியளாக்கா" என்று முப்பிடாதி குறைப்பட்டாள். நான் பொரியை மென்றபடி, "அதற்கென்ன, அவருக்கு உன் கண்ணே போதும்" என்று ஏதோ சொன்னேன்.

மறுநாள் விடுமுறை. என்னை அவர்கள் அறைக்கு அழைத்தார்கள். ஒரகடம் சாலைக்குப் பின்னால் மூன்று மாடி வாடகைக் கட்டடம், ஒரு அறைக்கு ஆறு பேர். ஷிப்டு மாறும்போது பாயும் ஆள் மாறும். பினாங்கிலும் இப்படித்தான், நேப்பாளத்துப் பெண்களுக்குத் தொழிற்சாலைகளே ஹாஸ்டல் வைத்திருக்கின்றன. இருபது வருடமாக அதைக் கடந்து வேலைக்குப் போகிறேன். ஒருநாளும் உள்ளே போனதில்லை.

சோறு, ரசம், சுண்டல். சுவருக்கு அப்பால் வடக்கத்திப் பையன் ஒருவன் போனில் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். திடீரென்று கத்தினான். முப்பிடாதிக்கு லைனில் பழகிக் கொஞ்சம் இந்தி தெரியும். என்ன என்று கேட்டேன். "லைட்ட அணைக்கச் சொல்லுதான்க்கா. அவுக அம்மை ரூமைப் பாத்துரக் கூடாதாம்." விளக்கை அணைத்த சுவிட்ச் சத்தம் கேட்டது. இருட்டில் அவன் அம்மாவுக்குத் தன் மகனின் முகம் எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தொழில்முறையாகவே தெரியும். ரவை ரவையாகத்தான் தெரிந்திருக்கும்.

அன்று அங்கேயே சொல்லியிருக்கலாம். பாயில் உட்கார்ந்து அவர்கள் கையால் சாப்பிட்டுக்கொண்டு, "நான் கொண்டுவந்திருப்பது உங்களை அனுப்புவதற்கு" என்று எப்படிச் சொல்வது? இரண்டாவது தடவை சுண்டல் வைத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள்தான் முக்கியமான நாள். பிளான்ட் மேனேஜர் முன்னிலையில் இரண்டு கேமராவுக்கும் கடைசிச் சோதனை. அன்று பார்த்துக் கம்பெனி கார் வரவில்லை, டிரைவர் விடுமுறைக்குப் போனவர் திரும்பவில்லை. படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எட்டுப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பதின்மூன்று பேர். என் முழங்காலில் யாருடைய மதியச் சாப்பாட்டுப் பையோ சுடச்சுட உட்கார்ந்திருந்தது. இன்று வென்றால் என்ன ஆகும், தோற்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே போனதில் ஒரகடம் வந்ததும் போனதும் தெரியவில்லை. வெளியே வயல் தெரிந்தபோதுதான் விழித்தேன்.

"ஒரகடம் எப்போ வரும்?"

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஒரகடம் பூட்ச்சு மேடம். இன்னும் ரெண்டு ஸ்டாப்ல வாலாஜாபாத்தே வந்துரும். நான் கத்திக்கினேதான் வந்தேன், நீங்க இன்னா போன் பாத்துக்கினு இருந்தீங்களா?"

எதிர்ப்பக்கம் நின்று வேறு வண்டி பிடித்தேன். திரும்பும்போது புதுக் கார்களைச் சுமந்த ட்ரெய்லர் ஒன்று குறுக்கே திரும்ப முடியாமல் நின்று, சாலையையே அடைத்துவிட்டது. தொழிற்சாலைக்குள் நுழையும்போது ஒன்றரை மணி நேரம் தாமதம். மேனேஜர் உடுப்பு மாட்டிக்கொண்டு மஞ்சள் ரூமில் நின்றுகொண்டிருந்தார். தினமும் காலையில் கேமராவைக் கழற்றி, வெள்ளை வெளிச்சத்தில் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பொருத்துவேன். அன்று அதற்கு நேரம் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு நேரே ஆரம்பித்தேன்.

கறுப்புக் கேமராவின் படத்தில் கீறலே காணவில்லை. ரவையும் இல்லை, கீறலும் இல்லை, பனி மூடிய மாதிரி ஒரு மங்கல். நாற்பதில் பத்தைக்கூடப் பிடிக்கவில்லை. தொரை வழக்கம்போல் பதினொன்றை விட்டது. மேனேஜர் ஆங்கிலத்தில் குமரேசனிடம் சொன்னது இதுதான்: "இரண்டுமே குப்பை. இந்தப் பெண்களே பார்க்கட்டும். அடுத்த வருடம் யோசிக்கலாம்." கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனார். ஆறு ஜோடிக் கண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தன.

கேமராவைக் கழற்றி, உடுப்பு மாற்றும் அறைக்குக் கொண்டுவந்து வெள்ளை விளக்கின் கீழ் பிடித்தேன். லென்ஸ் முழுக்க மெல்லிய மஞ்சள் படலம். விளிம்புத் திருகில் ஒரு பொட்டு குங்குமம். மூக்கருகே கொண்டுபோனேன், சந்தன வாசனை. மஞ்சள் வெளிச்சத்தில் சந்தனம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது, அந்த அறையிலேயே நல்ல கண்ணுக்கும்கூட.

யார் வைத்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. துணியால் துடைத்தேன். துணி மஞ்சளானது. லென்ஸ் அழுக்காக இருந்தது, மறுபடி சோதிக்க வேண்டும் என்று ஓடிப்போய்ச் சொல்வதுதான் என் வேலை. சொல்லவில்லை. 'இந்த வெளிச்சத்துக்கு இக்கேமரா போதாது' என்று அறிக்கையில் எழுதினேன். இருபது வருடத்தில் நான் எழுதிய முதல் பொய் அறிக்கை அது. எழுதி முடித்தபோது மனசு லேசாக இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பினாங்கிலிருந்து முதலாளி கூப்பிட்டார். மலாயில் அவர் திட்டியதன் சாரம்: "ஒரு இருட்டறையைப் பார்க்கத் தெரியாதவளுக்கு எதற்கு விமான டிக்கெட்? திரும்பி வா, பேசிக்கொள்ளலாம்." போனை வைத்துவிட்டுத் திரும்பினால் முப்பிடாதி நிற்கிறாள். பாஷை தெரியாவிட்டாலும் சத்தம் வெளியே கேட்டிருக்கும்.

"யாருக்கா? ஏசுதாவளா?"

"முதலாளி. ஏசுகிறார். பெரிய விஷயமில்லை."

"வேலையில கைய வச்சிருவாவளோ?"

"அப்படியெல்லாம் இல்லலா."

அவள் பார்வை என் கையில் இருந்த துணிக்குப் போனது. "அது என்னக்கா மஞ்சளா? சந்தனமா?"

"இல்லை. பூச்சு மருந்து." துணியைப் பைக்குள் திணித்தேன். ஆயிரம் மூடியில் ஒரு கீறலைக் கண்டுபிடிக்கிறவளிடம் இப்படி ஒரு பொய். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். 'சந்தனம்தான், நல்லவேளை வைத்தாய், யாரிடமும் மூச்சு விடாதே' என்று ஒரே ஒரு வாக்கியம். ஆனால் ஏன் என்று கேட்பாள். ஐந்து நாளாக எல்லாம் தெரிந்துகொண்டே அவள் சுண்டலைச் சாப்பிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

மறுநாள் காலை, நன்றி சொல்லிவிட்டுப் பெட்டி கட்டலாம் என்று போனால், வாசலிலேயே குமரேசன்.

"மேடம், உங்க கேமராவைக் கெடுத்தது யாருன்னு தெரிஞ்சிபோச்சு. அந்த முப்பிடாதிப் பொண்ணு. அதுவே நேரா மேனேஜராண்ட போய் நின்னுக்கினு சொல்லிச்சாம். 'பூஜையன்னிக்கு லஞ்சு டைம்ல நான்தான் சார் சந்தனம் வச்சேன், வழிஞ்சுது, கிளவுசால தொடச்சுட்டேன், அக்கா மேல தப்பு இல்ல, அவங்களை வேலைய விட்டு எடுத்துராதீங்க'ன்னு. லூசு மேடம் அது. நான் இன்னா சொல்றது இதுக்கு?"

பேசும்போது மஞ்சள் ரூம் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வகையில் அந்தப் பத்துப் பேரும் அவருக்கும் வேண்டியவர்கள்தான்.

மேனேஜருக்கு இப்போது உற்சாகம். மறுபடி சோதனை. கேமரா சுத்தமாக இருந்தது, நானே துடைத்ததுதானே. வெளிச்சப் பெருக்கத்தை இரண்டு அளவு கூட்டி வைத்திருந்தால் போதும், ரவைக்குள் கீறல் மறைந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது, மறுபடி தோற்றிருக்கும். அதை யோசித்தேன். அதற்கான திருகின் மேல் விரலும் வைத்தேன். பக்கத்திலேயே மேனேஜர் நின்றார், பினாங்கில் முதலாளி போனுக்குக் காத்திருந்தார். விரலை எடுத்துவிட்டேன். நாற்பதுக்கு நாற்பது. மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெளியே வந்தபோது கேட்டுக்குப் பக்கத்தில் முப்பிடாதி ஒரு பையோடு நின்றிருந்தாள். தடை செய்த பொருளை மஞ்சள் ரூமுக்குள் கொண்டுபோன குற்றத்துக்கு அவளுடைய அடையாள அட்டையை வாங்கிவிட்டார்கள். கான்ட்ராக்டர் வேறு எங்கும் சேர்த்துவிட மாட்டேன் என்றுவிட்டானாம். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அக்கா, பாஸ் ஆயிட்டுதாமே! இனி ஏச மாட்டாவள்லா?"

அவளை அவள் அறைக்கு அழைத்துப்போய்ச் சாமான்களை எடுத்துக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் கூடவே போனேன். செங்கல்பட்டு போய் அங்கிருந்து திருநெல்வேலி வண்டி. வழி முழுக்க அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். வேற கம்பெனி கிடைக்காமலா போயிரும், மத்த புள்ளைகள் விசாரித்துச் சொல்வார்கள், தீபாவளி கழித்து வந்துவிடலாம். ஒரு தடவை, நான் பார்க்காத மாதிரி இருந்தபோது, விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள்.

பிளாட்பாரத்தில் வடையும் தேநீரும் வாங்கினேன். அவள் வடையைப் பாதி பிய்த்து எனக்குக் கொடுத்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. கேமரா எதற்காக வந்தது, யார் யார் போகப்போகிறார்கள், எனக்கு எப்போது தெரியும், துணியில் இருந்தது என்ன, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் வடையைக் கீழே வைத்தாள்.

"அப்பம் மத்த புள்ளையளுக்கும் போயிருமாக்கா?"

தலையை ஆட்டினேன்.

"எனக்குச் செங்கல்பட்டு போற வரைக்கும் போன் போட்டுட்டே இருப்பாளுவ. நான் என்ன சொல்ல?"

தேநீர்க் கோப்பையைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"முன்னமே சொல்லியிருக்கலாம்லா" என்றாள்.

"சொல்லியிருந்தால் நீ சந்தனமே வைத்திருக்க மாட்டாய்."

"வச்சிருப்பேன். சாமிக்கு வைக்கதுதான." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

ரயில் வந்தது. அவள் பையைத் தூக்கிக்கொடுக்கப் போனேன். என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டு, பெண்கள் பெட்டியில் தானே ஏறினாள். கூட்டத்தை விலக்கி வாசல் ஓரமாக, பிளாட்பாரத்தைப் பார்த்தபடிதான் நின்றாள். வண்டி நகர்ந்தபோது கையை உயர்த்தி ஆட்டினேன். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. இருட்டிலேயே மயிரிழையைக் கண்டுபிடிக்கிற கண் அது. பட்டப்பகலில் நான் கையாட்டியது அதற்குத் தெரியாமல் இருந்திருக்காது.